பேக் பண்ணிக் கொண்டா

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண் தெரியாதவளுக்கு எல்லாம் இருட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் யாரும் வர வேண்டாம். வருகிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். "இருட்டாத் தெரியுங்களா?" இல்லீங்க. உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? கறுப்பாகவா தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை அல்லவா? தெரியவில்லை என்கிற நினைப்புகூட இல்லை அல்லவா? அப்படித்தான். எனக்கு அந்த முதுகுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்தது. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே வந்து, இப்போது மூக்குக்கு நேரே ஒரு கையளவு வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. பகல் எது, இரவு எது என்று சொல்லுவேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் தள்ளுகிற வேலை. கெட்டது ஆல்டருக்குப் போகும், அதாவது சரி பண்ணுகிற இடத்துக்கு. புதிதாக வருகிற பெண்கள் குற்றத்தைத் தேடுவார்கள். தேடினால் கிடைக்காது. துணியைச் சும்மா பார்க்க வேண்டும், குற்றம் தானாக வந்து கண்ணில் விழும். நான் அப்படிப் பார்த்தவள். என் மேசையில் இருந்து போன பீஸ் திரும்பி வந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் பெருமை பேச வேறு என்ன இருக்கிறது?

ஒரு மேசைக்கு இரண்டு பேர். எனக்கு எதிரே நின்றவள் தேனிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவள், என்னைவிட ஆறு வயது சின்னவள். என் டேபிள்காரி என்றுதான் அவளைப் பற்றி எல்லோரிடமும் சொல்வேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு ஒரே சிரிப்பு. "அறிவு இருக்குதுங்களான்னு கேக்குறிய. வையும்போது எதுக்குக்கா மரியாத?" என்பாள். நான் அவளுக்கு மரியாதையைக் குறைத்த பிறகுதான் நாங்கள் சிநேகிதம் ஆனோம். சோற்றுப் போசியை, அதுதான் டிபன் தூக்கை, மாற்றி மாற்றித் தின்போம். அவள் வைக்கிற புளிக்குழம்பு வாயில் வைக்க முடியாது, காரம் உச்சிக்கு ஏறும். அதையும் தின்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா தவறிப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனாள். அந்தப் பதினாறு நாளில்தான் என் கண் போனது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். ஏற்றுமதிக்கு அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி வைத்த சரக்கை வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து பிரித்துப் பார்த்தார். எடுத்த பீஸில் பாதிக்குப் பாதி குற்றம். எல்லாவற்றிலும் என் மேசை நம்பர். சூப்பர்வைசர் ஒரு பனியனைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "இது தெரியலீங்களாக்கா?" என்று கேட்டார். பார்த்தேன். நல்ல பனியன். "எதுங்க?" என்றேன். அவர் துணியை மெள்ள இழுத்தார். தோள்பட்டையில் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை ஒன்று எங்கிருந்தோ நடுவில் வந்து நின்றது. திரும்ப ஓரத்துக்குத் தள்ளினார். ஓட்டை இல்லை. இழுத்தார், இருந்தது. பனியனை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அங்கே யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அது சரக்கு ஏற்றுகிற வாரம், லீவு கிடைக்கவில்லை. காரியம் முடிந்து வந்திறங்கிய டேபிள்காரிதான் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். சொட்டு மருந்து விட்டு, தாடையை ஏதோ ஒரு மிஷினில் வைக்கச் சொல்லி, மத்தியானம் ஆனது. கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதும் நிற்பது சந்தேகம். பதினாறு நாளில் இப்படி ஆகுமா என்று கேட்டேன்.

"இது பதினாறு நாள்ல வர்றது இல்லம்மா. வருஷக்கணக்கா வந்துட்டு இருந்திருக்கு. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா பாதியையாவது நிறுத்தி வச்சிருக்கலாம்."

"அப்பறம் எப்படிங்க நான் ஒரு வருஷமா ஒழுங்கா செக்கிங் பண்ணுனேன்?"

"மூளை சமாளிச்சுக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அழுதேனா என்றால் இல்லை. பசித்தது. கேன்டீனில் மூன்று இட்லி தின்றேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு மரத்துப்போன மனசு அப்படியே நின்றுவிட்டது. உட்கார்ந்து மரத்த காலை நீட்டினால் சுருசுருவென்று ரத்தம் ஓடி உணர்ச்சி வரும், எனக்கு அது வரவே இல்லை. எட்டு மாதத்துக்குள் மிச்சம் இருந்த பார்வையும் போய்விட்டது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருத்தர், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிற பழமொழியை என்னிடமே சொன்னார். கண் கெட்டவளிடம்! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "காப்பி குடிங்க, ஆறிப்போகுது" என்றேன்.

ஆனால் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. சமாளிச்சுக்கும். ஒரு வருடம் பார்வை இல்லாமல் நான் எப்படிச் சமாளித்தேன்? சரக்கு போனது, ஒரு பீஸ் திரும்பவில்லை. யோசித்து யோசித்து விடை கண்டுபிடித்தேன். கை. பனியனை மேசையில் விரிக்கும்போது இரண்டு உள்ளங்கையாலும் தடவி நீவி விடுவோம். கண் போகப் போக, எனக்கே தெரியாமல் அந்தக் கை பார்க்க ஆரம்பித்திருக்கிறது. ஓட்டையைக் கை கண்டுபிடித்திருக்கிறது, கண் கண்டுபிடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதினாறு நாள், பக்கத்தில் ஆள் இல்லாத கவலையில், கை தடுமாறிவிட்டது. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. சிரிக்காதீர்கள். அந்த நினைப்பு ஒன்றுதான் என்னைக் காலையில் எழுப்பியது.

அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தேன். கம்பெனியில் வீணாகப் போகிற வெட்டுத் துணியை டேபிள்காரி பையில் கொண்டுவந்து போடுவாள். ஷிப்டுக்குப் போகும் முன் காலை ஏழரைக்கு வருவாள், இருபது ஊசியில் நூல் கோத்து ஸ்பாஞ்சில் குத்தி வைப்பாள், அடுப்படியில் கத்தி எங்கே தீப்பெட்டி எங்கே என்று அதது இடத்தில் வைப்பாள், ஓடுவாள். ஒரு நாள் தவறியதில்லை. நான் சாயங்காலம் வரைக்கும் அந்த இருபது ஊசியைத் தீர்ப்பேன். பனியனில் குற்றம் என்று தள்ளுகிறவற்றையே வேண்டுமென்றே செய்வேன்: துணிக்கு உள்பக்கம் முடிச்சுப் போடுவேன், தடித்த கட்டை நூலை நுழைப்பேன், கொக்கி ஊசியால் பின்னல் லூப்பை இறக்கிவிடுவேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டால் தெரியும்.

எதை எதையோ கற்றுக்கொண்டேன். துணிமேல் கையை வைத்து அசைக்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் துணி காணாமல் போய்விடும். கை சும்மா அந்தரத்தில் இருப்பது போல இருக்கும். அசைத்தால் திரும்ப வரும். பார்வையும் அப்படித்தானோ என்னவோ. இதை யாரிடம் சொல்ல? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்ற இஷ்டம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்லுவார்.

"என்னக்கா தைக்கிற?" என்று டேபிள்காரி ஒரு நாள் கேட்டாள்.

"துணி."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னால் இவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்கிற திமிர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

கண் தெரியாதவர்களுக்கு நாற்காலி பின்னச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குக் கொஞ்ச நாள் போயிருந்தேன். அங்கே வந்த ஒரு கோயம்புத்தூர்ப் பெண் என் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஓவியக் கண்காட்சி நடத்துகிறவளாம். என்னை ஆர்டிஸ்ட் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூச்சமாகவும் இருந்தது. கேரளாவில் ஒரு கண்காட்சி, எல்லாம் தொட்டுப் பார்க்கிற மாதிரியான வேலைகள், நீங்களும் ஒன்று கொடுக்க வேண்டும் என்றாள். என் கதையைக் கேட்டாள். கை பார்த்த கதையைச் சொன்னேன். "மேடம், இதுதான், இதுதான்" என்றாள். நான் சொன்னதை அப்படியே எழுதிப் பலகையாக வைக்கப் போவதாகச் சொன்னாள், தடவிப் படிக்கிற புள்ளி எழுத்திலும் சேர்த்து. "என் கண் போனது எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் என் கை பார்க்கத் தொடங்கியிருந்தது." எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்காக ஒரு வருடம் உட்கார்ந்து ஒரு துணி செய்தேன். வெள்ளைப் பனியன் துணி, பன்னிரண்டு முழம், என் கையாலேயே அளந்தது. ஒரு முழத்துக்கு இரண்டு மாதக் கணக்கு. கண் நன்றாக இருந்தபோது ஆரம்பித்து எல்லாம் போகும் வரைக்கும். முதல் மூன்று முழத்தில் ஒன்றும் கிடையாது, வழவழப்பு. நாலாவது முழத்தில் ஒரு முடிச்சு, அரிசிக் குருணை அளவு. அப்புறம் ஒரு கட்டை நூல். அப்புறம் கோடு. போகப் போகக் கூடிக்கொண்டே போகும். கடைசி முழத்தில் கை வைக்க இடம் இருக்காது. செக்கிங் மேசை மாதிரி ஒரு நீள மேசையில், டியூப்லைட்டுக்குக் கீழே விரிக்க வேண்டும். கண்ணால் பார்க்கிறவனுக்கு வெறும் வெள்ளைத் துணி. கையால் பார்க்கிறவனுக்கு என் இரண்டு வருடம். எனக்கு அது பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே ஒழுங்காக அமைந்தது அதுதான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை வேன் வந்து எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை டேபிள்காரியிடம் துணியைச் சுருட்டிக் கொடுத்தேன். "கம்பெனியில நல்ல கவர் இருக்குமில்ல? கேரளாவுக்குப் போறது. இதப் பேக் பண்ணிக் கொண்டா."

"சரிக்கா," என்று வாங்கிப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். குரலில் ஒரே குஷி. "இந்தாக்கா. எப்புடி இருக்குன்னு பாரு." என் மடியில் வைத்தாள். மொடமொடவென்று பாலிதீன் கவர். உள்ளே அட்டை வைத்து மடித்து, மேலே ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது. நீராவி அயர்ன் போட்ட வாசனை அடித்தது. அயர்ன் போட யார் சொன்னது? கவரைக் கிழித்தேன். துணியைத் தரையில் பிரித்துப் போட்டு முட்டி போட்டுத் தடவிக்கொண்டே போனேன். மூன்று முழம் வழவழப்பு, சரி. நாலாவது முழம் வழவழப்பு. ஐந்தாவது முழம். எட்டு. பத்து. பன்னிரண்டாவது முழத்தின் கடைசி வரைக்கும் போய்ச் சுவரில் முட்டினேன். திரும்பி வந்தேன், இந்தத் தடவை நகத்தால். ஒன்றும் இல்லை. துணி இருந்தது, அவ்வளவுதான்.

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

"நீதானக்கா பேக் பண்ணச் சொன்ன."

"பேக்தானே பண்ணச் சொன்னேன்!"

"ஆமா. பிசிறு வெட்டி, ஆல்டர் எடுத்து, அயர்ன் போட்டு, மடிச்சு, கவர்ல போட்டாச்சு. வேற என்னக்கா?"

பதினான்கு வருடம் நானும் இதே அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் பேக்கிங் என்றால் சும்மா கவரில் போடுவது இல்லை. நூல் பிசிறு நீட்டிக்கொண்டு, குற்றத்தோடு, அயர்ன் இல்லாமல் ஒரு துணி கவருக்குள் போகாது. போனால் யார் போட்டது என்று கேள்வி வரும். ஊருக்கே தெரிந்ததை நான் மறந்துவிட்டேன்.

அவள் விளக்கிக்கொண்டே போனாள். "உள்பக்கமெல்லாம் முடிச்சும் கட்ட நூலுமாக் கெடந்துச்சுக்கா. லூப்பு வேற எறங்கியிருந்துச்சு. பாவம், தடவித் தடவித் தச்சதுல விழுந்துருச்சு போலன்னு நெனச்சேன். கேரளாக்காரவுக கைக்குப் போறது. கண்ணு தெரியாத பொம்பள தச்சா இப்புடித்தான் இருக்கும்னு ஒருத்தன் ஒன்னையச் சொல்லிறக் கூடாதுல்ல? சோத்து நேரத்துல மூணு பேரு உக்காந்து ரெண்டு நாளா எடுத்தோம். ஒரு தடம் தெரியுதா பாரு."

தெரியவில்லை. அதுதான் கொடுமை. என் விரலுக்கே தெரியாமல் எடுத்திருந்தாள்.

பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத முடியாது. "தப்புன்னு உனக்கு எவ சொன்னா? ஒரு வார்த்தை கேட்டியா? கண்ணு இருந்தா எல்லாந் தெரிஞ்சிருமா? ஒரு வருஷம், ஒரு வருஷம் உக்காந்து பண்ணுனேன். என்ற வேலையில கைய வெக்கறதுக்கு நீ யாருடி?"

என்ன திட்டினாலும் திருப்பி ஒரு கிண்டல் பண்ணுவாள். அன்றைக்குப் பண்ணவில்லை. "கைய வைக்காம என்னக்கா. அப்பவும் நாந்தான வச்சேன்" என்றாள்.

"எப்ப?"

"ஒண்ணுமில்ல. வாய் தவறி வந்துருச்சு."

"எப்பன்னு கேட்டேன்."

பக்கத்து வீதியில் நிட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள், வளையல் சத்தம் கீழிருந்து வந்தது.

"நீ நல்ல பீஸுன்னு தள்ளுறதுல மொதல்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஓட்டையோட வரும். நான் எடுத்து ஆல்டருக்குப் போட்ருவேன். வெள்ளெழுத்துன்னு நெனச்சேன்க்கா, சத்தியமா. கண்ணாடி போடுன்னா வைவ. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா ஒன்னைய மேசைல இருந்து தூக்கிப் பிசிறு வெட்டுற புள்ளைகளோட ஒக்கார வச்சுருவாக. ஒனக்கு அது தாங்காது. அப்பறம் நாளுக்கு அஞ்சு பத்துன்னு ஆச்சு. அப்பறம் பாதிக்குப் பாதி. நீ கை கழுவப் போவேல்ல, அந்த நேரத்துல ஒன் குவியலப் பூராப் பாத்துருவேன்."

"எத்தன நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். எங்கம்மா சாகுற வரைக்கும்."

பதினாறு நாள். அவள் ஊரில் இருந்த பதினாறு நாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு ஆறு வருடமாக விளங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள், அந்தச் சோற்றைத் தினமும் ருசித்துத் தின்றவள் நான். என் கை எதையும் பார்க்கவில்லை. துணியை நீவியது, அவ்வளவுதான். ஒரு வருடம் என் மேசையில் பார்த்தது முழுக்க அவள் கண். உண்மையைச் சொல்கிறேன், கண் போனபோது இப்படி இல்லை. அன்றைக்கு இட்லி இறங்கியது. இப்போது யார் கொடுத்தாலும் இறங்கியிருக்காது.

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

"ஆஸ்பத்திரியில எங்கூட உள்ள வந்தது நீதானே?"

"ஆமாக்கா."

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தான்னு டாக்டர் சொன்னதக் கேட்ட."

"கேட்டேன். தண்ணி வாங்கிட்டு வாரேன்னு போனேன்ல. படிக்கட்டுல ஒக்காந்துருந்தேன். இப்புடியே தேனிக்குப் பஸ் ஏறிறலாமான்னு நெனச்சேன். ஒன்னைய யாரு ஊருக்குக் கூட்டிட்டுப் போவா? அதான் வந்தேன். அன்னைக்கே சொல்லிறணும்னுதான் இருந்தேன். பஸ்ஸுல சொல்லலாம்னு பாத்தேன், நீ தூங்கிட்ட. மறுநா சொல்லலாம்னு வந்தேன், ஊசில நூலு கோக்கத் தெரியாமத் தடவிக்கிட்டு இருந்த. கோத்துக் குடுத்துட்டுப் போயிட்டேன். அப்பறம் சொல்லவே முடியலக்கா."

ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் அவள் வந்ததைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம் இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது ஊசி. ஒவ்வொரு நாளும் சொல்ல வந்து, கோத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அல்லது கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றாவது. இரண்டும் தோன்றவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். துணிக்காக அவ்வளவு கத்தினேனே, கண்ணுக்காக ஒரு சத்தம் வரக்கூடாதா? வரவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "ஊட்டுக்குப் போ. உன்ற புருஷன் தேடுவாப்ல" என்றேன். போனாள். வீட்டுக்காரர் வந்து துணி ஏன் தரையில் கிடக்கிறது என்று கேட்டார். "சும்மாதானுங்க" என்றேன்.

படுத்துக்கொண்டு அந்தத் துணியை என்ன செய்வது என்று யோசித்தேன். திரும்ப முடிச்சுப் போட ஒரு வருடம் வேண்டும். போட்டாலும் அது பொய். இல்லாத ஒன்றுக்கு ஒரு வருடம் முடிச்சுப் போட்டிருக்கிறேன், இனித் தெரிந்தே போட வேண்டுமா? அனுப்பாமல் விட்டால் விட்டதுதான். என்னை இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள்? எனக்கு அங்கே போக ஆசை இருந்தது. யார் யாரோ வந்து என் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அந்த ஆசை அப்போதும் போகவில்லை.

காலை ஏழரைக்கு வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். வந்தாள். ஸ்பாஞ்சை எடுத்து ஊசி கோக்க உட்கார்ந்தாள். "ஷிப்டுக்குப் போகலியா?" என்றேன். "லீவு சொல்லிட்டேன்" என்றாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது, கோயம்புத்தூர்ப் பெண்ணும் கூட வந்தாள். துணியைத் தரையில் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள் போலிருக்கிறது. நகர்ந்து போகிற சத்தமும் திரும்பி வருகிற சத்தமும் கேட்டது.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்லையே?"

"இல்லீங்க."

"போன மாசம் தொட்டப்போ அவ்வளவு இருந்துச்சு. என்ன ஆச்சு மேடம்?"

"அது தப்புங்க. இதுதான் சரி. பலகையில எழுதுனத மாத்தோணும். நான் சொல்றத எழுதிக்கோங்க."

பையில் பேனா தேடினாள். நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "முதல் மூன்று முழம் நான் பார்த்தது. மீதி ஒன்பது முழம் என்னோடு வேலை செய்தவள் பார்த்தது. என் குற்றத்தை எல்லாம் என் கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் எடுத்துவிட்டாள். தொட்டுப் பாருங்கள், தெரியாது." இரண்டு பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடச் சொன்னேன்.

ஊசி கோத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "ஏம் பேரு வேணாம்க்கா."

"போடோணும்."

"இது என்னைய வையிறதா, இல்ல பெருமையாச் சொல்றதா?"

"எனக்கும் தெரியல புள்ள."

கோயம்புத்தூர்ப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்களும் ஆர்டிஸ்ட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. செக்கிங்," என்றேன்.

பெயர் என்ன என்று டேபிள்காரியிடம் கேட்டாள். இனிஷியலோடு நானே சொன்னேன்.